பாஸ்போர்ட் யார் கையில்?



2004ல் பிரான்ஸ் நாட்டு அரசு பள்ளிக்கூடங்களில் முக்காடு போடத் தடை விதித்தபோது நாம் கொதித்தோம். 2010ல் அதே நாட்டில் முகத்திரைக்குத் தடை வந்தபோதும் கொதித்தோம். 2022ல் பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில், உடுப்பியில் நம் பெண் பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே நிறுத்தி வைத்தபோது அதைப் பேசாத ஜும்ஆ மேடை இல்லை, கண்டிக்காத இயக்கம் இல்லை. எல்லாம் சரிதான். இனியும் பேசுவோம், இன்ஷா அல்லாஹ்.

ஆனால் 2013 ஜனவரி 9ஆம் தேதி நாம் எங்கே இருந்தோம்?

அன்றுதான் சவூதி அரேபியாவில் ரிசானா நஃபீக் என்ற பெண்ணின் தலை வெட்டப்பட்டது. இந்தப் பெயர் இன்றைக்கு நம் வாலிபர்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? இலங்கை திருகோணமலை மாவட்டத்து மூதூரைச் சேர்ந்த முஸ்லிம் பிள்ளை. நாம் பேசுகிற தமிழைத்தான் அவளும் பேசினாள். தகப்பனார் விறகு வெட்டிப் பிழைத்தவர். உள்நாட்டுப் போரும் 2004 டிசம்பர் சுனாமியும் மாறி மாறி அடித்த மண் அது. 1988 பிப்ரவரி 4ஆம் தேதி பிறந்த அந்தப் பிள்ளை 1982ல் பிறந்ததாகக் காட்டி ஏஜெண்டுகள் பாஸ்போர்ட் எடுத்தார்கள். பதினேழு வயதுப் பிள்ளை, காகிதத்தில் இருபத்து மூன்று வயதுப் பெண்ணாகி, 2005 மே மாதம் சவூதிக்கு விமானம் ஏறினாள்.

வீட்டு வேலை என்று சொல்லி அழைத்துப் போனவளின் கையில் நான்கு மாதப் பச்சைக் குழந்தையைக் கொடுத்தார்கள். போய்ச் சேர்ந்த சில வாரங்களிலேயே, 2005 மே 22ல், அந்தக் குழந்தை அவள் பொறுப்பில் இருந்தபோது இறந்து போனது. புட்டிப்பால் கொடுக்கும்போது புரையேறிவிட்டது என்று அவள் சொன்னாள். கழுத்தை நெரித்தாள் என்று வீட்டார் சொன்னார்கள். விசாரணையின்போது அவளுக்கு வக்கீல் இல்லை. தமிழை முறையாக அறிந்த மொழிபெயர்ப்பாளரும் இல்லை. அந்த நிலையில் வாங்கப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தை அவள் பின்னர் மறுத்தாள். 2007 ஜூன் 16ல் தவாத்மி நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. மேல்முறையீடுகள், இலங்கை அதிபரின் கருணை வேண்டுகோள், உலகம் முழுவதிலுமிருந்து போன கடிதங்கள் எதுவும் பயன் தரவில்லை. ஏழரை ஆண்டுகள் சிறையில் இருந்துவிட்டு இருபத்து நான்கு வயதில் அவள் மண்ணுக்குள் போனாள். பாஸ்போர்ட்டில் வயதை மாற்றிய ஏஜெண்டுகளுக்குக் கொழும்பு நீதிமன்றம் கொடுத்த தண்டனை இரண்டே ஆண்டுகள்!

அந்த நாட்களில் நம் பக்கத்திலிருந்து இரண்டு குரல்கள்தான் கேட்டன. ஒன்று, “அல்லாஹ்வின் சட்டம் நிறைவேற்றப்பட்டது, இதை விமர்சிப்பவன் இஸ்லாத்தின் எதிரி” என்ற குரல். மற்றது, தொலைக்காட்சியில் உட்கார்ந்துகொண்டு “இஸ்லாமே காட்டுமிராண்டி மார்க்கம்” என்று பேசிய அறிவுஜீவிகளுக்குப் பதில் சொன்ன குரல். பதில் சொல்வதிலேயே நம் நேரம் போய்விட்டது. அந்தப் பெண்ணைப் பற்றி இரண்டு தரப்பும் பேசவில்லை.

மார்க்கம் படித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கிஸாஸ் குர்ஆனில் உள்ள சட்டம். அதில் நமக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அது வேண்டுமென்றே செய்த கொலைக்கு உரியது. தவறுதலாக நேர்ந்த மரணத்துக்குத் தியத், அதாவது நஷ்டஈடுதான். இரண்டுக்கும் நடுவே இருப்பது நிய்யத். அந்த நிய்யத்தை எதைக் கொண்டு நிரூபித்தார்கள்? ஒரே ஒரு ஒப்புதலைக் கொண்டு. பதினேழு வயதில் ஒருவர் பருவமடைந்தவரா என்பதில் பிக்ஹு நூல்களில் கருத்து வேறுபாடு உண்டு. எனவே வயது வாதத்தை நான் இங்கே பிடித்துத் தொங்கவில்லை. கொலை வழக்கில் ஒப்புதலைத் திரும்பப் பெற்றாலும் செல்லாது என்று வாதிடுகிற ஆலிம்களும் இருக்கிறார்கள், அதுவும் தெரியும். ஆனால் நிர்ப்பந்தத்தில் கொடுத்த ஒப்புதல், தான் என்ன சொல்கிறோம் என்று விளங்காமல் கொடுத்த ஒப்புதல் ஒப்புதலே அல்ல என்பதுதானே பெரும்பான்மை ஆலிம்களின் நிலை! மொழி தெரியாத ஒரு பிள்ளையின் வாக்குமூலத்தை முறையான மொழிபெயர்ப்பு இல்லாமல் பதிந்தவர்களைக் கேள்வி கேட்பது எப்படி அல்லாஹ்வின் சட்டத்தைக் கேள்வி கேட்பதாகும்? அந்நிஸா அத்தியாயத்தின் 135வது வசனம் நமக்கும் நம் பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்கச் சொல்கிறதே, அது அரபுகளுக்குப் பொருந்தாதா?

சரி, ரிசானாவை எது கொன்றது? வாள் கடைசியாக வந்தது. அதற்கு முன்னால் வந்தவற்றை எண்ணிப் பாருங்கள். அவள் ஏழையாக இல்லாதிருந்தால் போயிருக்கவே மாட்டாள். பெண்ணாக இல்லாதிருந்தால் நான்கு சுவர்களுக்குள் அடைபடும் வேலைக்குப் போயிருக்க மாட்டாள். கடையிலோ கட்டிடத்திலோ வேலை பார்த்திருந்தால் பக்கத்தில் நாலு பேர் சாட்சி சொல்ல இருந்திருப்பார்கள். அந்நாட்டுக்காரியாக இருந்திருந்தால் மொழி தெரிந்திருக்கும். வசதியான நாட்டின் பிரஜையாக இருந்திருந்தால் முதல் நாளே தூதரகம் வக்கீலை அனுப்பியிருக்கும். இவற்றில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் பிழைத்திருப்பாள். எல்லாம் ஒரே உடம்பில் வந்து சேர்ந்தன.

இதற்கு மேல்நாட்டில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். இண்டர்செக்‌ஷனாலிட்டி என்பார்கள். கிம்பர்லே கிரென்ஷா என்ற கறுப்பினச் சட்டப் பேராசிரியை 1989ல் எழுதிய கட்டுரையில் வந்த சொல். பெண்ணியம் என்றாலே நம்மில் பலருக்கு முகம் சுருங்கும். எனக்கும் அதில் பல விஷயங்கள் ஒப்பாதவைதான். இருந்தாலும் அந்த அம்மையார் எடுத்துக்காட்டிய ஒரு வழக்கைக் கேளுங்கள். வியாபாரிகளுக்கு நன்றாகவே விளங்கும்.

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கார் கம்பெனி 1964க்கு முன்பு கறுப்பினப் பெண் ஒருவரைக்கூட வேலைக்கு எடுக்கவில்லை. பிறகு எடுத்தார்கள். 1970களில் வியாபாரம் படுத்தபோது, கடைசியாகச் சேர்ந்தவர்கள் முதலில் வெளியே போக வேண்டும் என்றார்கள். கடைசியாகச் சேர்ந்தவர்கள் யார்? கறுப்புப் பெண்கள்தான். ஐந்து பேர் வழக்குப் போட்டார்கள். நீதிமன்றம் 1976ல் என்ன சொன்னது தெரியுமா? கம்பெனி பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறதே, எனவே பெண் என்பதால் பாரபட்சம் இல்லை என்றது. எடுத்த பெண்கள் எல்லாம் ஆபீஸில் உட்கார்ந்த வெள்ளைப் பெண்கள்! கறுப்பர் என்ற புகாரா, அதற்கு வேறு வழக்கு இருக்கிறது, அதில் போய்ச் சேருங்கள் என்றது. இரண்டையும் சேர்த்து ஒரே புகாராக ஏற்க முடியாது என்று கதவைச் சாத்தியது. நம் ஊர் வழியாகப் போகிற சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் குறுக்குச் சாலை சந்திக்கும் இடத்தில் ஒருவர் நிற்கிறார். நாலு பக்கமிருந்தும் வண்டிகள் வருகின்றன. அடிபட்டு விழுந்தவரைப் பார்த்து, “எந்த வண்டி இடித்தது என்று ஒன்றை மட்டும் சொல், அப்போதுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்குவோம்” என்றால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது அந்தத் தீர்ப்பு.

நாமும் அதையேதான் செய்கிறோம். ரிசானா விஷயத்தில் முஸ்லிம் என்று பார்த்தவர்கள் பெண் என்று பார்க்கவில்லை. பெண் என்று பார்த்தவர்கள் ஏழைத் தொழிலாளி என்று பார்க்கவில்லை. இலங்கை அரசு 2013லேயே ஒரு விதி கொண்டு வந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையுள்ள தாய்மார்கள் வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் போகக் கூடாது என்றது. வயதை மாற்றிய ஏஜெண்டை விட்டுவிட்டுத் தாயின் காலில் விலங்கு! 2022ல் டாலர் தட்டுப்பாடு வந்ததும் அந்த விதியைத் தளர்த்தினார்கள்.

ரிசானா கடலுக்கு அந்தப் பக்கத்துப் பெண். கஸ்தூரி முனிரத்தினம் நம் பக்கத்துப் பெண். வேலூர் மாவட்டம் காட்பாடிப் பகுதியில் மூங்கிலேரி என்ற கிராமம். ஐம்பது வயதைக் கடந்த அந்த அம்மா 2015ல் ரியாத் நகருக்கு வீட்டு வேலைக்குப் போனார். சில மாதங்களுக்குள், அந்த ஆண்டு செப்டம்பர் கடைசியில், அவர் வலது கையை இழந்தார். கொடுமை தாங்காமல் தப்ப முயன்றபோது எஜமானர் வீட்டில் கையை வெட்டினார்கள் என்று குடும்பத்தார் சொன்னார்கள். தப்பும்போது விழுந்து அடிபட்டது என்றது சவூதி போலீஸ். அப்போதைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா சுவராஜ் பகிரங்கமாகக் கண்டித்தார். நவம்பரில் அந்த அம்மா சென்னைக்குத் திரும்பி வந்தார். எது உண்மை என்று தீர்ப்புச் சொல்ல நான் காஜி அல்ல. போலீஸ் சொன்னதையே எடுத்துக்கொள்வோம். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண், உயிரைப் பணயம் வைத்து ஒரு வீட்டிலிருந்து தப்ப வேண்டிய நிலை ஏன் வந்தது? வாசல் வழியாக நடந்து வெளியே வர முடியாதது ஏன்? வீட்டு வேலைக்குப் போவோர் பாதுகாப்புக்கென்று இந்தியாவும் சவூதியும் 2014 ஜனவரியில்தான் ஒப்பந்தம் போட்டிருந்தன என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

அவர் முஸ்லிம் அல்லவே, நமக்கென்ன என்று ஒருவர் என்னிடமே கேட்டார். அல்லாஹ் பாதுகாக்க வேண்டும்! அநீதிக்கு உள்ளானவரின் துஆவுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரை இல்லை என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை நாம் பயானில் சொல்கிறோமே, அதில் மதம் பிரித்தா சொன்னார்கள்?

வாசலைப் பூட்டுவது எது என்று பார்ப்போம். அதற்கு அங்கே கஃபாலா என்று பெயர். மத்ரஸாவில் கஃபாலா பாடத்தை நான் ஓதியிருக்கிறேன். கஃபீல் என்றால் ஜாமீன்தாரர். கடன்காரன் கொடுக்காவிட்டால் கஃபீல் கொடுக்க வேண்டும். சுமை அவர் தலையில். வியாபாரிகளே, ஜாமீன் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்ட அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். இதுதான் பிக்ஹில் உள்ள கஃபாலா. வளைகுடா நாடுகளில் இதே பெயரில் நடந்து வந்ததோ தலைகீழ். கஃபீல் ஜாமீன்தாரர் அல்ல, சொந்தக்காரர்! தொழிலாளியின் இகாமா அவர் கையில். பாஸ்போர்ட் அவர் பெட்டியில். அவர் சம்மதம் இல்லாமல் வேலை மாற முடியாத நிலை இருந்தது. வீட்டை விட்டு வெளியேறினால் ‘ஹுரூப்’, ஓடிப்போனவள் என்று ஒரு புகார் கொடுத்தால் போதும், அந்தப் பெண் சட்டத்துக்குப் புறம்பானவள் ஆகிவிடும் நிலை இருந்தது. 2005ல் வந்த சவூதி தொழிலாளர் சட்டம் வீட்டு வேலை செய்வோரைச் சேர்க்கவே இல்லை. அவர்களுக்கென்று தனி விதிகள் 2013ல்தான் வந்தன. வாரம் ஒரு நாள் விடுமுறை, நாளைக்கு ஒன்பது மணி நேர ஓய்வு என்றார்கள். ஒன்பது மணி ஓய்வு என்றால் பதினைந்து மணி வேலை வாங்கலாம் என்றும் அர்த்தம்! பிறகு அவற்றையும் திருத்தினார்கள். குவைத் 2015லும், கத்தார் 2017லும் வீட்டு வேலைக்காரர்களுக்குச் சட்டம் கொண்டு வந்தன. கத்தாரில் 2020ல் வீட்டுப் பணியாளர்களும் முதலாளி அனுமதியின்றி நாட்டை விட்டுப் புறப்படலாம் என்றார்கள். நல்லது செய்தால் நல்லது என்று சொல்வோம். ஆனால் வீட்டுக் கதவுக்கு உள்ளே சட்டம் போவதில்லை. உலகில் வீட்டு வேலை செய்வோர் 7 கோடியே 56 லட்சம் பேர் என்று ஐ.எல்.ஓ. நிறுவனம் 2021ல் கணக்கிட்டது. நான்கில் மூன்று பேர் பெண்கள். அவர்களுக்காக அந்த நிறுவனம் 2011ல் நிறைவேற்றிய 189ஆம் உடன்படிக்கையில் நம் இந்திய அரசு இன்னும் கையெழுத்திட்டு ஏற்கவில்லை. ஊருக்கு உபதேசம் செய்வதில் டெல்லிக்கும் ரியாதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இப்போது பரீரா (ரலி) அவர்களின் செய்திக்கு வாருங்கள். அடிமைப் பெண். ஒன்பது ஊக்கியா வெள்ளி, ஆண்டுக்கு ஒன்று வீதம் கொடுத்து விடுதலை பெறுவதாகத் தன் எஜமானர்களிடம் எழுதிக்கொண்டவர். உதவி கேட்டு அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் வந்தார். மொத்தத்தையும் நானே கொடுத்து உன்னை விடுவிக்கிறேன், வாரிசு உறவு எனக்கு என்றார்கள் அன்னை. எஜமானர்கள் பணத்தை வாங்கிக்கொள்ளத் தயார், ஆனால் அந்த உறவு எங்களுக்கே இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். விடுதலைக்குப் பிறகும் ஒரு கயிறு தங்கள் கையில் இருக்க வேண்டுமாம்! நபி (ஸல்) அவர்கள் மக்கள் முன் எழுந்து நின்று, அல்லாஹ்வின் வேதத்தில் இல்லாத நிபந்தனை நூறு முறை போட்டாலும் செல்லாது என்று அறிவித்து அந்தக் கயிற்றை அறுத்தார்கள். இது புகாரியில் உள்ள செய்தி. அதே பரீரா, விடுதலையான பின் தன் கணவரோடு வாழ மறுத்தார். நபியவர்கள் அவருக்காகப் பரிந்து பேசினார்கள். இது கட்டளையா என்று கேட்டார் பரீரா. இல்லை, சிபாரிசுதான் என்றார்கள். அப்படியானால் எனக்குத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார். சொன்னது நேற்று வரை அடிமையாக இருந்த பெண். கேட்டது அல்லாஹ்வின் தூதர். யாரும் அந்தப் பெண்ணை அதட்டவில்லை. அந்த மதீனாவுக்கும், வேலைக்காரியின் பாஸ்போர்ட்டைப் பூட்டி வைப்பவருக்கும் என்ன சம்பந்தம்? வியாபாரிகளே, உங்கள் கடையில் வேலை பார்க்கும் பையனின் ஆதார் அட்டையை வாங்கிக் கல்லாவில் பூட்டுவீர்களா?

இதுவரை அரபியைச் சொன்னேன். இனி என்னைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் ஒரு பெண் பள்ளிவாசல் படியோரம் நின்றுகொண்டிருந்தார். ஷூ கம்பெனி பஸ்ஸில் தினமும் போய் வந்துகொண்டிருந்தவர். கணவன் விட்டுப் போய் வருடங்கள் ஆகியிருந்தன. இரண்டு பிள்ளைகள். குழுக் கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. “ஹஜ்ரத், நீங்க அரபி படிச்சவங்க, இதுல என்ன எழுதியிருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க” என்று ஒரு காகிதத்தை நீட்டினார். மறுநாள் இரவு விமானம். துபாயில் சமையல் வேலை என்று ஏஜெண்ட் சொல்லியிருந்தார். காகிதத்தில் இருந்தது வேறு நாடு. சமையல் என்ற சொல்லே இல்லை, வீட்டுப் பணியாளர் என்றிருந்தது. சம்பளமும் சொன்னதைவிடக் குறைவு. விசா, விசிட் விசா. படித்ததை அப்படியே சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப போகட்டுமா, வேணாமா ஹஜ்ரத்?” என்று கேட்டார்.

நான் சொன்ன பதில் இன்றைக்கும் என் தொண்டையில் நிற்கிறது. “யோசிச்சு முடிவு பண்ணுங்கம்மா, நான் துஆ செய்கிறேன்” என்றேன். காரணம் இருந்தது. அந்த ஏஜெண்ட் யார் என்று எனக்குத் தெரியும். முதல் ஸஃப்பில் தொழுகிறவர். நம் கூட்டங்களுக்கு நன்கொடை தருகிறவர். அவரிடம் போய், “பாய், இது என்ன காகிதம்?” என்று ஒரு வார்த்தை கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பெண் போனார். பதினான்கு மாதம் கழித்துத் திரும்பினார். பாதிக்கு மேல் சம்பளம் வரவில்லை. திரும்பி வந்தபின் ஒரு நாளும் அவர் என்னிடம் எதுவும் கேட்டு வரவில்லை.

மஹ்ரம் இல்லாமல் பெண் பயணம் போனதே தவறு, விஷயம் முடிந்தது என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறவர்கள் நம்மில் உண்டு. அந்த மஸ்அலா எனக்கும் தெரியும். நான் கேட்பது இதுதான்: அந்தப் பெண்ணுக்குச் சோறு போடக் கடமைப்பட்ட மஹ்ரம்கள் எங்கே போனார்கள்? விட்டுப் போன கணவனை ஜமாஅத் என்ன செய்தது? நம் பைத்துல்மாலில் அவருக்கு எவ்வளவு ஒதுக்கினோம்? இவற்றுக்குப் பதில் சொன்ன பிறகு மஹ்ரம் மஸ்அலாவைப் பேசுவோம்.

இது ஏழைப் பெண்களின் பிரச்சினை மட்டும் என்று வசதியானவர்கள் நினைக்க வேண்டாம். வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு மகளைக் கொடுக்கிறீர்கள். பிரிட்டனில் நெடுங்காலம் ஒரு விதி இருந்தது. கணவனை நம்பி அங்கே போன மனைவி குறிப்பிட்ட காலம் அவனோடு வாழ்ந்தால்தான் நிரந்தரமாகத் தங்க அனுமதி. அடி தாங்காமல் அதற்குள் வெளியேறினால் நாடு கடத்தல். அரசு உதவிப் பணமும் கிடையாது. அங்கே கஃபீலின் கையில் இருந்த கயிறு, இங்கே கணவனின் கையில்! இதை எதிர்த்து 1979ல் லண்டனில் தொடங்கிய சவுத்ஹால் பிளாக் சிஸ்டர்ஸ் என்ற பெண்கள் அமைப்பு பல்லாண்டுகள் போராடியது. அந்தப் போராட்டத்தின் பலனாக அடிபட்ட மனைவிகளுக்குத் தனியாக விண்ணப்பிக்கும் வழியும், பிறகு 2012ல் தற்காலிக உதவியும் கிடைத்தன. அந்தப் பெண்களை இனவெறியர்கள் ஒரு பக்கம் தூற்றினார்கள் என்றால், சமூகத்தின் மானத்தை வாங்குகிறார்கள் என்று நம் ஆசிய சமூகத் தலைவர்களே மறுபக்கம் தூற்றினார்கள். அமெரிக்காவிலும் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனவரின் மனைவி வேலை பார்க்கவே முடியாது என்றிருந்து, 2015ல்தான் அவர்களில் ஒரு பகுதியினருக்கு அனுமதி கிடைத்தது. எம்.எஸ்ஸி. படித்த பெண் மாதச் செலவுக்குக் கணவன் கையைப் பார்த்து நிற்கும் நிலை.

சமூகத்தின் மானம் என்றதும் புதுக்கோட்டை ஞாபகம் வருகிறது. 2000களின் தொடக்கத்தில் ஷரீஃபா கானம் என்பவர் அங்கே முஸ்லிம் பெண்கள் ஜமாஅத் என்று தொடங்கினார். நாம் கோபப்பட்டோம். மேடை போட்டு மறுத்தோம். அவருடைய பல கருத்துகளில் எனக்கு இன்றும் உடன்பாடு இல்லை. ஆனால் தலாக் சொல்லப்பட்ட பெண், தன் வழக்கைத் தான் இல்லாத இடத்தில் ஆண்கள் மட்டும் உட்கார்ந்து பேசுகிறார்கள் என்று அங்கே போய் முறையிட்டாரே, அந்த முறையீடு பொய்யா? கவ்லா (ரலி) அவர்கள் தன் கணவர் மீது நபியவர்களிடம் நேரில் வந்து வாதிட்டார்கள். அதே வீட்டில் ஒரு மூலையில் இருந்த ஆயிஷா (ரலி) அவர்களுக்கே முழுவதும் கேட்காத அந்தப் பேச்சை அல்லாஹ் ஏழு வானங்களுக்கு மேலிருந்து கேட்டு, அதற்கென்று ஒரு அத்தியாயத்தையே இறக்கினான். வாதிட்ட பெண்ணின் பெயரால் முஜாதலா என்று அதை ஓதுகிறோம். நம் ஜமாஅத் அலுவலகத்தில் ஒரு கவ்லா வந்து உட்கார நாற்காலி இருக்கிறதா?

இனி செய்ய வேண்டியது. பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை என்றிருக்கும், இ.சி.ஆர். என்பார்கள். அத்தகைய பெண்களை முப்பது வயதுக்கு முன் வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்கு அனுப்பக் கூடாது என்பது அரசு விதி. 2016 ஆகஸ்டிலிருந்து அவர்களைத் தனியார் ஏஜெண்ட் அனுப்ப முடியாது, அரசு நிறுவனங்கள் மூலமே அனுப்ப வேண்டும் என்றும் ஆக்கினார்கள். தமிழ்நாட்டில் அந்த வேலையைச் செய்ய 1978லிருந்தே சென்னையில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. முறையாகப் போகிறவருக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு உண்டு. இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய் கட்டினால் பத்து லட்சம் வரை. இவ்வளவும் விசிட் விசா என்ற ஒரு ஓட்டை வழியே ஒழுகிப் போகின்றன. விசிட் விசாவில் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு ஒப்பந்தமும் இல்லை, காப்பீடும் இல்லை, தூதரகத்தில் கணக்கும் இல்லை. எந்த ஏஜெண்டாவது “விசிட்ல போ, அங்க போய் மாத்திக்கலாம்” என்று சொன்னால், அவர் எந்த ஸஃப்பில் தொழுதாலும் சரி, அங்கேயே நிறுத்துங்கள்.

வாலிபர்களே, உங்கள் தங்கை பத்தாம் வகுப்புக்கு முன் படிப்பை விட்டு ஷூ கம்பெனிக்குப் போகும்போது வீட்டுக்குக் கொஞ்சம் பணம் வருகிறது, உண்மைதான். அவளுடைய பாஸ்போர்ட்டில் விழப்போகும் முத்திரையும் அன்றைக்கே முடிவாகிவிடுகிறது. வெளிநாட்டு மாப்பிள்ளை பார்க்கும் பெற்றோர்களே, நிக்காஹ் ஒப்பந்தத்தில் நிபந்தனை எழுத மார்க்கத்தில் இடம் உண்டு. மஹர் தொகைக்குக் கீழே, பாஸ்போர்ட்டும் விசாக் காகிதங்களும் பெண்ணின் கையிலேயே இருக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எழுத மறுக்கும் மாப்பிள்ளையை அப்போதே தெரிந்துகொள்ளலாம். வளைகுடாவில் கடை வைத்திருக்கும் நம் பகுதி வியாபாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் வேலைக்காரப் பெண் இருக்கலாம். அவர் இலங்கையாகவோ, கென்யாவாகவோ, ஆந்திராவாகவோ இருக்கலாம். அவருடைய பாஸ்போர்ட் இப்போது எந்த அலமாரியில் இருக்கிறது?

வரும் வெள்ளியிலிருந்து, இன்ஷா அல்லாஹ், ஜும்ஆவுக்குப் பின் அஸர் வரை நாட்றம்பள்ளியில் நம் அமைப்பு அலுவலகத்தில் அரபி தெரிந்த இரண்டு ஆலிம்கள் உட்காருகிறோம். வெளிநாடு போகும் ஆணோ பெண்ணோ, எந்த மதத்தவரானாலும், ஒப்பந்தக் காகிதத்தை எடுத்து வரலாம். வரிக்கு வரி தமிழிலும் உருதுவிலும் படித்துச் சொல்கிறோம். கட்டணம் இல்லை. பெண்கள் வந்தால் பேசுவதற்கு இரண்டு ஆசிரியைகள் இருப்பார்கள். விமானத்துக்கு முந்தின நாள் வராதீர்கள், பணம் கட்டுவதற்கு முந்தின நாள் வாருங்கள். இந்த முறை, போகட்டுமா வேண்டாமா என்று கேட்டால், துஆவோடு சேர்த்துப் பதிலும் சொல்வேன்.